இரண்டாவதாக வந்தவர் பெயர் என்ன?

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால், வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகூட சட்டென்று சொல்லிவிடும். போன தேர்தலில் அவரிடம் தோற்று இரண்டாவதாக வந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலும் இதே கதைதான். செம்பட்டி பஸ்ஸுக்கு நிற்பவர், நத்தம் பஸ்ஸுக்கு நிற்பவர், ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தவர் என்று யாரைக் கேட்டாலும் ஜெயித்தவர் பெயர் உடனே வரும். தோற்றவர் பெயருக்கு, “அவர்தாங்க... அந்தக் கூட்டணிக் கட்சிக்காரரு...” என்று இழுப்பார்கள்.

இருபத்தைந்து, முப்பது வயதில் ஒருவர் அரசியலுக்கு வருகிறார். பல முறை ஜெயித்த ஒரு பழைய கையை எதிர்த்து நிற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த மறதியைத்தான். திண்டுக்கல் சமவெளித் தொகுதிகளின் தேர்தல் கணக்கைக் கொஞ்சம் புரட்டினால், அது ஏன் என்று தெரியும்.

மூன்று தொகுதி, மூன்று பெயர்

திண்டுக்கல் மாவட்டத்தில் மொத்தம் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர். இதில் மூன்று தொகுதிகளின் பெயரைச் சொன்னாலே கூடவே ஓர் ஆளின் பெயரும் வந்துவிடும்.

ஒட்டன்சத்திரம் என்றால் தி.மு.க.வின் அர.சக்கரபாணி. 1996-ல் முதல் முறை ஜெயித்தார். 2001, 2006, 2011, 2016, 2021 என்று அடுத்தடுத்து ஐந்து பொதுத்தேர்தல்களிலும் அவரே. ஆறுக்கு ஆறு.

ஆத்தூர் என்றால் ஐ.பெரியசாமி. சேலம் மாவட்டத்து ஆத்தூர் அல்ல; சின்னாளப்பட்டி, செம்பட்டி, சித்தையன்கோட்டை எல்லாம் அடங்கிய நம்ம ஆத்தூர். 1989-ல் தொடங்கி 1996, 2006, 2011, 2016, 2021 என்று இவரும் ஆறு முறை ஜெயித்திருக்கிறார். இடையில் இரண்டு முறை தொகுதி அவர் கையை விட்டுப் போனது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

நத்தம் என்றால் அ.தி.மு.க.வின் நத்தம் விசுவநாதன். ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1999 இடைத்தேர்தலில் ஆரம்பித்து 2001, 2006, 2011 என்று தொடர்ந்து ஜெயித்தார். 2016-ல் தொகுதி மாறிப் போனார். 2021-ல் திரும்பி வந்து மறுபடியும் ஜெயித்தார்.

இதெல்லாம் அலையில் அடித்துக்கொண்டு வந்த வெற்றி என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்க தி.மு.க. ஜெயித்தது வெறும் 23 இடங்கள். அந்த 23-ல் இரண்டு, ஒட்டன்சத்திரமும் ஆத்தூரும். மாநிலம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்த நேரத்திலும் இந்த இரண்டு தொகுதிகள் ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்டன.

எதிரே நின்றவர்கள் யார்?

ஜெயித்தவர் பட்டியலைப் பார்த்தாயிற்று. இனி தோற்றவர் பட்டியல். அதை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது.

ஆத்தூரில் 2011-ல் ஐ.பெரியசாமியை எதிர்த்து நின்று இரண்டாவதாக வந்தவர், அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த தே.மு.தி.க. வேட்பாளர் பாலசுப்பிரமணி. வித்தியாசம் 53,932 ஓட்டு.

2016-ல் எதிரே நின்றவர் நத்தம் விசுவநாதன். அப்போது அவர் மின்துறை அமைச்சர். நத்தத்தை விட்டுவிட்டு ஆத்தூருக்கு வந்து மோதினார். மாவட்டத்தின் இரண்டு பெரிய தலைகள் ஒரே தொகுதியில் மோதிய தேர்தல் அது. பெரியசாமிக்கு 1,21,738, விசுவநாதனுக்கு 94,591. வித்தியாசம் 27,147. முந்தைய தேர்தலைப் போல ஏறக்குறைய பாதி.

2021-ல் ஆத்தூர், அ.தி.மு.க. கூட்டணியில் பா.ம.க.வுக்குப் போனது. எழுத்தாளரும் கவிஞருமான ம.திலகபாமா நின்றார். சிவகாசிக்காரர். பெரியசாமிக்கு 1,65,809 ஓட்டு, திலகபாமாவுக்கு 30,238. வித்தியாசம் 1,35,571. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். எதிரே நின்ற அத்தனை பேருக்கும் டெபாசிட் போனது.

மூன்று தேர்தல், மூன்று கட்சி, மூன்று முகம். 2016-ல் விசுவநாதனுக்குக் கிடைத்த 94 ஆயிரம் ஓட்டு ஆவியாகிவிடவில்லை. அந்த ஓட்டைப் போட்டவர்கள் 2021-லும் அதே தெருக்களில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் வந்து, “போன தடவை எனக்குப் போட்டீங்க, இந்தத் தடவையும் போடுங்க” என்று சொல்ல அந்த ஆள் அங்கே இல்லை. அவர் நத்தத்துக்குத் திரும்பியிருந்தார்.

ஒட்டன்சத்திரத்திலும் இதே படம். சக்கரபாணியை எதிர்த்து அ.தி.மு.க. சார்பில் 2011-ல் பி.பாலசுப்பிரமணி நின்றார், வித்தியாசம் 14,933. அது சாதாரண இடைவெளிதான். கொஞ்சம் விடாமல் உழைத்தால் எட்டிப் பிடிக்கலாம். ஆனால் 2016-ல் வேட்பாளர் மாறினார். கிட்டுசாமி நின்றார், வித்தியாசம் 65,727 ஆக விரிந்தது. 2021-ல் மறுபடியும் புது வேட்பாளர், என்.பி.நடராஜ், 28,742.

ஒரே ஆள் ஆறு முறை ஜெயிக்கிறார் என்று ஆச்சரியப்படுகிறோம். ஒவ்வொரு முறையும் அவர் எதிரே ஒரு புது ஆள் வந்து, முதலில் தன் பெயரையே அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது என்பதை கவனிப்பதில்லை. பழையவர் ஐந்து வருடமாக ஓடிக்கொண்டே இருக்கிறார். புதியவருக்கு வேட்பாளர் பட்டியல் வந்த பிறகு கிடைப்பது சில வாரங்கள். எதிராளி மாறிக்கொண்டே இருந்தால் எம்.எல்.ஏ. எப்படி மாறுவார்?

லாரி போகிற ஊரில் நடந்த கதை

சரி, எதிராளி மாறாமல் இருந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற லாரிக்குப் பின்னாலேயே நாமும் போக வேண்டும். கோட்டயம் மாவட்டத்தில் புதுப்பள்ளி என்று ஒரு சட்டமன்றத் தொகுதி.

அங்கே எம்.எல்.ஏ. உம்மன் சாண்டி. காங்கிரஸ்காரர். இரண்டு முறை முதலமைச்சராக இருந்தவர். 1970-ல் ஜெயித்ததிலிருந்து 2023 ஜூலையில் இறக்கும் வரை, 53 வருடம் அதே தொகுதியின் எம்.எல்.ஏ. தொடர்ந்து பன்னிரண்டு தேர்தல் வெற்றி. நம்ம ஊர்க் கணக்கெல்லாம் அதன் முன்னால் பாதிதான்.

2016-ல் அவரை எதிர்த்து மார்க்சிஸ்ட் கட்சி நிறுத்தியது, இருபதுகளில் இருந்த ஒரு மாணவர் சங்கத் தலைவரை. பெயர் ஜெய்க் சி.தாமஸ். அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவருக்கு எதிராக ஒரு பையன். 2011-ல் உம்மன் சாண்டியின் வித்தியாசம் 33,255. ஜெய்க்கிடம் அது 27,092 ஆனது. தோல்விதான். ஆனால் கட்சி அவரை அடுத்த தேர்தலுக்கு வேறு ஊருக்கு அனுப்பவில்லை. அவரும் போகவில்லை.

2021 ஏப்ரல் 6-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஒரே நாளில் தேர்தல். மே 2-ல் ஒரே நாளில் எண்ணிக்கை. ஆத்தூரில் வித்தியாசம் 1,35,571 என்று அறிவிக்கப்பட்ட அதே நாளில், புதுப்பள்ளியில் உம்மன் சாண்டியின் வித்தியாசம் 9,044 என்று அறிவித்தார்கள். அரை நூற்றாண்டாக அசையாத தொகுதி ஆடிப்போனது. அந்த முறை கேரளாவில் இடதுசாரிகள் பக்கம் காற்று வீசியது உண்மை, அதுவும் உதவியிருக்கும். ஆனால் காற்று வீசும்போது தூற்றிக்கொள்ள, ஐந்து வருடமாகக் களத்தில் நின்ற ஒரு முகம் அங்கே இருந்தது.

கதை இங்கேயே இனிப்பாக முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. உம்மன் சாண்டி இறந்த பிறகு 2023 செப்டம்பரில் இடைத்தேர்தல் வந்தது. காங்கிரஸ் அவர் மகன் சாண்டி உம்மனை நிறுத்தியது. மூன்றாவது முறையாக ஜெய்க் நின்றார். அப்பாவின் மீதான பாசமும் அனுதாபமும் சேர்ந்து மகனுக்கு 37,719 ஓட்டு வித்தியாசத்தைக் கொடுத்தது. ஏழு வருடம் குறைத்துக்கொண்டு வந்த இடைவெளி ஒரே தேர்தலில் நாலு மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது.

அரசியலுக்கு வர நினைக்கிற இளைஞர்கள் இந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். தொடர்ந்து நின்றால் ஜெயித்துவிடுவோம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தொடர்ந்து நிற்காவிட்டால் நெருங்கக்கூட முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

பழைய கை, ஒரு காலத்தில் புது முகம்

புதுப்பள்ளிக் கதையில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. 1970-ல் உம்மன் சாண்டி முதன்முதலாக நின்றபோது அவருக்கு வயது 26. மாணவர் அமைப்பிலிருந்து வந்தவர். அவர் தோற்கடித்தது அப்போது பதவியில் இருந்த மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. ஈ.எம்.ஜார்ஜை. ஜெய்க் 2016-ல் முயன்றது எதுவோ, அதை உம்மன் சாண்டி 1970-லேயே செய்து முடித்திருந்தார்.

ஐ.பெரியசாமியும் 1989-ல் முதன்முதலாக சட்டமன்றத்துக்குப் போனபோது முப்பதுகளில் இருந்தவர்தான். இரண்டே வருடத்தில், 1991-ல், தொகுதி அ.தி.மு.க.வுக்குப் போனது. 1996-ல் திரும்ப வந்தார். 2001-ல் மறுபடியும் அ.தி.மு.க. பிடித்தது. 2006-ல் மறுபடியும் வந்தார். அதற்குப் பிறகுதான் அசைக்க முடியாத ஆள் ஆனார். இன்றைக்கு அவருடைய வெற்றிப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு நடுவில் இருக்கிற அந்த இரண்டு பள்ளம் கண்ணில் படுவதில்லை. அந்தப் பள்ளத்தில் விழுந்தபோது வேறு ஊரைப் பார்த்துப் போயிருந்தால், 1,35,571 என்ற எண் ஆத்தூரில் வந்திருக்காது.

விசுவநாதன் விஷயத்திலும் இதே பாடம். 2016-ல் அவர் நத்தத்தை விட்டுப் போனார். அந்த இடைவெளியில் தி.மு.க.வின் ஆண்டி அம்பலம் வெறும் 2,110 ஓட்டு வித்தியாசத்தில் நத்தத்தைப் பிடித்தார். ஐந்து வருடம் கழித்து விசுவநாதன் திரும்பி வந்து, அதே ஆண்டி அம்பலத்தை 11,932 ஓட்டில் தோற்கடித்தார். 1999-லிருந்து 2021 வரை நத்தத்தில் நின்ற எந்தத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. தோற்றது, ஊரை விட்டுப் போனபோது மட்டும்.

முகம் மாறாத இன்னொரு கதை

இதெல்லாம் பெரிய கட்சி, பெரிய ஆள்களின் கதை என்று நினைக்கலாம். திண்டுக்கல் டவுனிலேயே வேறு மாதிரியான ஒரு கதை இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் கே.பாலபாரதி. கவிஞர். 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை திண்டுக்கல் எம்.எல்.ஏ. எளிமைக்குப் பெயர் வாங்கியவர்.

இந்த மூன்று தேர்தலிலும் அவர் கட்சி ஒரே கூட்டணியில் இல்லை. 2001-ல் அ.தி.மு.க. பக்கம், 2006-ல் தி.மு.க. பக்கம், 2011-ல் திரும்ப அ.தி.மு.க. பக்கம். கூட்டணி மாறியபோதும் கட்சி வேட்பாளரை மாற்றவில்லை. கூட்டணி ஓட்டு இல்லாமல் ஜெயித்திருக்க முடியாது. அது வேறு விஷயம். ஆனால் எந்தக் கூட்டணியில் வந்தாலும் “நம்ம பாலபாரதி” என்று சொல்ல டவுனுக்குள் ஒரு கூட்டம் இருந்தது.

இதற்கு நேர்மாறு வேடசந்தூர். நூற்பாலைகள் நிறைந்த அந்தத் தொகுதி, 2006-லிருந்து 2021 வரை நான்கு தேர்தலில் நான்கு பேரை அனுப்பியிருக்கிறது. ஒரே மாவட்டம், பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள். ஒன்று ஆளை மாற்றுவதே இல்லை. இன்னொன்று ஒவ்வொரு முறையும் மாற்றுகிறது. ஆகவே, “திண்டுக்கல்காரங்க பழகின முகத்தைத்தான் பார்ப்பாங்க” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஏன் பழைய ஆளுக்கே போடுகிறார்கள்?

பழைய எம்.எல்.ஏ.வுக்கே மறுபடியும் ஓட்டுப் போடுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைப்பது, புதிதாக வருகிறவர் செய்யக்கூடிய முதல் தவறு.

ஊரில் ஒரு சாவு. மாலையோடு வந்து நின்றவர் யார் என்பதை அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது. காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு, கோயில் கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் பத்திரிகை போகிறது. வருகிறார், அல்லது ஆள் அனுப்புகிறார். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, பட்டா மாறுதல் இழுக்கிறது, போர்வெல் மோட்டார் ரிப்பேர் என்று எந்தப் பிரச்னைக்கும் யாரைப் பார்க்க வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் எம்.எல்.ஏ. பரிந்துரைக்கும் வேலைகளுக்குப் போகிறது. நிழற்குடையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சமுதாயக் கூடத்திலும் அவர் பெயர் எழுதியிருக்கிறது. எதிர்த்து நிற்கிறவருக்கு அப்படி எழுத ஒரு சுவர்கூடக் கிடையாது.

இருபது வருடமாக ஒருவரிடம் மனு கொடுத்துப் பழகிய அம்மாவிடம் போய், “அவருக்கு வயசாயிடுச்சு, நான் புதுசு, எனக்குப் போடுங்க” என்றால் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஓட்டு விழாது. புதுசு என்பது ஒரு தகுதி அல்ல. “உன்னால் எனக்கு என்ன ஆகும்? நாளைக்கு நீ இங்கே இருப்பியா?” என்று அவர் மனதுக்குள் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது? கட்சி என்ன கேட்கிறது?

சட்டம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. 18 வயதில் ஓட்டுப் போடலாம். சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியிலாவது வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், மாநிலத்தின் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். நிலக்கோட்டை போன்ற தனித்தொகுதி என்றால் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அது திரும்பக் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் என்றால் முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய் என்று 2022-ல் உயர்த்தினார்கள்.

கட்சிக்குள்தான் கதவு குறுகல். பெரிய கட்சிகளில் முதலில் விருப்ப மனு கொடுக்க வேண்டும். 2021-ல் தி.மு.க. அதற்குப் பொதுத் தொகுதியில் 25,000 ரூபாய் கட்டணம் வைத்தது, அ.தி.மு.க. 15,000. தேர்தல் ஆணையத்துக்குக் கட்டுகிற டெபாசிட்டைவிட, கட்சியிடம் கேட்பதற்கே அதிகம். அதற்குப் பிறகு நேர்காணல். அதற்குப் பிறகு கூட்டணிப் பேச்சு. நான்கு வருடம் தெருத்தெருவாக நடந்து தயார் செய்த தொகுதி, ஒரே ராத்திரியில் கூட்டணிக் கட்சிக்குப் போய்விடலாம்.

அமெரிக்காவில் 2018-ல் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் என்ற 28 வயதுப் பெண், நியூயார்க்கில் பத்து முறை ஜெயித்த ஜோ கிரௌலியைத் தன் சொந்தக் கட்சிக்குள்ளேயே தோற்கடித்தார். அங்கே கட்சி வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இங்கே அந்த முடிவு சென்னையில், ஒரு பூட்டிய அறைக்குள் நடக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும்.

இதில் யாருக்கு வழி சுலபம் என்பதும் தெரிந்ததுதான். பழனியில் 2016-லும் 2021-லும் ஜெயித்த இ.பெ.செந்தில்குமார், ஆத்தூர் பெரியசாமியின் மகன். புதுப்பள்ளியில் ஜெயித்தவர் உம்மன் சாண்டியின் மகன். ஜெயிக்க வைத்தது மக்கள் ஓட்டுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பெயரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கும், பூ வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வேலைக்கே பத்து வருடம் போய்விடும்.

பத்து வருடத்தை எங்கே தொடங்குவது?

தொடங்க இடம் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஒன்றிய கவுன்சிலர், பேரூராட்சி கவுன்சிலர், திண்டுக்கல் மாநகராட்சியின் 48 வார்டுகள் என்று படிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. சட்டமன்ற வயது வருவதற்கு முன்னாலேயே நான்கு வருடம் ஊர் வேலை பழகலாம்.

கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்தப் பதவியும் இல்லாத ஒருவர் எழுந்து நின்று, தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற முடிகிற இடம் அது. ஐந்து வருடத்துக்கு முப்பது கூட்டம். முப்பது முறை எழுந்து கேட்டவரை ஊருக்குத் தெரியாமல் போகாது.

இன்னொன்று, படிவம் 20. எண்ணிக்கை முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் அதிகாரி வெளியிடுகிற தாள் அது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வென்றவருக்கு எந்த ஊரில் ஓட்டுக் குறைந்தது, தோற்றவருக்கு எந்தப் பள்ளிக்கூட பூத்தில் எதிர்பாராமல் ஓட்டு விழுந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பெரிய கட்சிக்காரர்கள் இதை வைத்துத்தான் பூத் வேலையே பார்க்கிறார்கள். கைபேசியில் ரீல்ஸ் போடுகிற அதே கையால் இந்தத் தாளையும் திறந்து பார்க்கலாம்.

அலை வரும்போது யார் நிற்கிறார்கள்?

இவ்வளவும் தேவையே இல்லை, ஒரு அலை அடித்தால் எல்லாம் மாறிவிடும் என்பார்கள் சிலர். அதுவும் திண்டுக்கல்லுக்குப் புதிதில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல். ஏழு மாதக் குழந்தையான கட்சியின் வேட்பாளர், வக்கீல் மாயத்தேவர், இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது.

அதற்கும் முன்னால், 1967-ல் விருதுநகர். மாணவர் தலைவர் பெ.சீனிவாசன், தி.மு.க. வேட்பாளராக, ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்த காமராஜரை அவர் சொந்த ஊரிலேயே 1,285 ஓட்டில் தோற்கடித்தார். அலைதான். ஆனால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற முகம் அது. தேர்தலுக்காக இறக்குமதியான முகம் அல்ல. தோற்ற காமராஜரும் ஒதுங்கிவிடவில்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார். திண்டுக்கல் டவுன் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு, ஆத்தூர் பக்கத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிற நீர்த்தேக்கத்திலிருந்துதான் வருகிறது.

நம்ம ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தல் முடிந்ததும் ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் ஊர் ஊராக வந்து கும்பிட்டு நன்றி சொல்வார். பட்டாசு வெடிக்கும், ஆரத்தி எடுப்பார்கள். தோற்றவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். கடன்காரர்களைத் தவிர யாரும் தட்ட மாட்டார்கள்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு, எண்ணிக்கைக்கு மறுநாளே அதே தெருக்களில் இறங்கி, “எனக்கு ஓட்டுப் போட்ட முப்பதாயிரம் பேருக்கும் நன்றி, நான் இங்கேதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நடக்கிற ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ அடுத்த முறை உங்கள் ஊரில் பார்த்தால், அவர் எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.